பத்தியம் முறித்த காலை

சுருளிப்பட்டி,
12-2-1949

அன்புள்ள கஸ்தூரிக்கு,

இன்னாசி எழுதுகிறேன். நலம். ஒன்பது வருஷத்தில் இந்தச் சொல்லைப் பொய்யில்லாமல் எழுதுவது இதுதான் முதல் தடவை.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கொல்லைக்குப் போய் நாலு பிஞ்சுக் கத்தரிக்காய் பறித்தேன். பல் துலக்கியதுகூட அதற்குப் பிறகுதான். நெத்திலிக் கருவாடு போட்டுக் குழம்பு வைத்து, எட்டு மணிக்கே சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது அடித்தது. பத்து அடித்தது. உதடு வீங்கவில்லை. கையில் ஒரு தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை. இப்போது மணி பதினொன்று.

நீ லண்டனிலிருந்து அனுப்பிய மாத்திரைகள் வந்து ஆறு வாரம் ஆகிறது. உன் டாக்டர் வீட்டுக்காரருக்கு என் நன்றியைச் சொல். நான் செய்த கூத்தையும் சொல். இரவில் ஒன்று போட்டுக்கொள், தூக்கம் வரும் என்று நீ தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். ஆனால் மருந்தென்றால் காலையில் வெறும் வயிற்றில் தேனில் குழைத்துச் சாப்பிட்டே பழகிய கை அப்படியே செய்துவிட்டது. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தவள், ஏழாம் வாய்ப்பாட்டில் மேசைமேல் சாய்ந்துவிட்டேன். விழித்தபோது வகுப்பு காலி. பள்ளிக்கூட ஆயா ராமுத்தாய் என் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். "ஆத்தாடி, மூச்சு இருக்கு! டீச்சரு போய்ச் சேந்துட்டாகன்னு பிள்ளைகள வீட்டுக்கு அனுப்பிட்டேனே!" என்றாள். சாயங்காலம் மாலையோடு இரண்டு பேர் வந்து, என்னைப் பார்த்துவிட்டு, மாலையைப் பின்னால் மறைத்துக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து இரவில்தான். ஐந்தாம் நாள் உடம்பில் ஒரு தடிப்புப் பத்தை இல்லை.

மாத்திரைக்குப் பத்தியம் கிடையாது என்றும் எழுதியிருந்தாய். படித்தேன், நம்பவில்லை. இது கண்ணில் படாத பூச்சி எதுவோ கடித்த காணாக்கடி என்று சொல்லி, ஒன்பது வருஷத்துக்கு முன் எங்கள் ஊர் வைத்தியர் ராக்கப்பன் கம்பளியைப் போர்த்தி வேப்பிலையால் அடித்து மந்திரித்தார். உப்பு, கத்தரிக்காய், கருவாடு மூன்றையும் விடச் சொன்னார். விட்டேன். தடிப்பு என்னை விடவில்லை; ஆனாலும் அவற்றைத் தொடப் பயம். பி.ஏ. படித்தவள், உன் மாத்திரையை விழுங்கிக்கொண்டே உப்பில்லாக் கஞ்சியும் குடித்துக்கொண்டிருந்தேன். நேற்று ராக்கப்பன் வழியில் நின்று என் முகத்தைப் பார்த்தார். "பாத்தீகளா டீச்சரம்மா, நம்ம வேப்பிலை கொஞ்சம் மெதுவாத்தான் வேலை செய்யும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் பயம் போயிற்று. காலையில் கொல்லைக்குப் போனேன்.

உனக்கு நான் எழுதாத ஒன்று உண்டு. பெரியகுளம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வரச் சொல்லி நான்கு வருஷமாகக் கேட்கிறார்கள். முதல் தடவை நேரில் பார்க்கப் போனேன். தேனியில் பஸ் மாறும்போதே இரண்டு இமையும் வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. என்னைக் கேள்வி கேட்ட அறையில் இருந்த ஓர் அம்மாள் தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். தரையில் அது உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. திரும்பி வந்து, குடும்பத்தை விட்டு வர இயலாது என்று எழுதிப் போட்டேன். என் வீட்டுக்காரரும், "நமக்கு எதுக்குப் புள்ள இந்த வம்பு, இங்கனயே இருந்துக்க" என்றார். அன்புதான். அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கும் வசதியாக இருந்தது. ஒவ்வொரு வருஷமும் அதே பொய்யை எழுதினேன். இந்த வருஷக் கடிதமும் வந்து மேசைமேல் இருக்கிறது. இனிக் கேட்க மாட்டார்களாம்.

மாத்திரை இன்னும் பதினெட்டு இருக்கிறது. முடிந்தால் அனுப்பு, முடியாவிட்டால் மனம் வருந்தாதே. நிறுத்தினால் தடிப்பு திரும்பவும் வரலாம் என்று உன் வீட்டுக்காரர் ஓரத்தில் எழுதியிருந்ததைப் பல தடவை படித்துவிட்டேன்.

திங்கட்கிழமை, வருகிறேன் என்று எழுதிப் போடப்போகிறேன். இதை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கும் இன்று இரவுச் சாப்பாட்டில்தான் தெரியும், குழம்போடு சேர்த்து. மாத்திரை தீர்ந்து முகம் பழையபடி வீங்கினால், அந்த முகத்தோடேயே போய் உட்காருவேன். நாற்காலியைத் தள்ளிப் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். என் நாற்காலி நகராதபடி உன் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவை.

உன்,
இன்னாசியம்மாள்