புளி போட்டுத் தேய்த்த சுவிட்சு

வட்டவளை,
9.10.1957

அன்பு மகள் சண்முகவடிவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இந்த மழையோடும் அட்டைக்கடியோடும் சுகமாகத்தான் இருக்கிறோம். கொழும்பில் நீயும் பத்து விரலும் பத்திரமாக இருக்கிறாய் என்று எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். நீ வேலை செய்யும் வீட்டு எசமானி நோனா சுவிட்சுகளை எல்லாம் ஈரத்துணியால் துடைக்கச் சொல்கிறாள், அன்றைக்கு விரலில் சுருக்கென்று இழுத்தது, நோனா சிரித்தாள் என்று ஏதோ திருவிழாவுக்குப் போய் வந்தது போல எழுதியிருக்கிறாய். அதை வாசித்ததும் உன் அம்மா ராசம்மா அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. இங்கே ஆயுத பூசைக்கு நடந்ததைக் கேள், அப்புறம் சிரிக்கலாம்.

நான் வேலை பார்க்கும் தேயிலை அரைக்கும் ஸ்டோரிலிருந்து பெரிய கங்காணி அழகுமுத்து வீட்டுக்குப் போன மாதம் தோட்டத்துத் துரை கரண்டு இழுத்துக் கொடுத்தார். ஒரு பல்பு, ஒரு சுவிட்சு. நம் லயத்து வரிசை வீடுகள் முழுக்க மண்ணெண்ணெய்க் குப்பி லாம்புதானே, அதனால் சுவிட்சைப் பார்க்க வந்த சனத்தைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார் கங்காணியார். நம்மில் எவனுக்குச் செருப்பு இருக்கிறது என்பது வேறு கதை. பூசைக்கு முதல் நாள் வீடு கழுவ உன் அம்மாவைக் கூப்பிட்டார்கள். குத்துவிளக்கு, சொம்பு எல்லாம் துலக்கி முடிந்ததும் அவர் சுவரைக் காட்டி, இந்தா ராசம்மா, அதுக்கும் மூடி பித்தளைதான், புளி போட்டு நல்லாத் தேய்ச்சிரு, நாளைக்குச் சந்தனம் வைக்கணும் என்றாராம். இவள் புளிக்கையோடு நின்றுகொண்டு, ஸ்டோருல சொல்லி மொதல்ல கரண்ட நிப்பாட்டுங்க, பொறகு காஞ்ச துணியால தொடைக்கிறேங்க என்றிருக்கிறாள். கரண்டைப் பற்றி நான் வீட்டில் பேசுவதெல்லாம் அவள் காதில் விழுகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கொழுந்தெடுக்கிறவளுக்காக ஸ்டோர நிப்பாட்டணுமா, தொரை குடுத்த லைட்டு என்னையவே கடிச்சிருமா என்று அவர் புளியைப் பிடுங்கி, ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று தானே தேய்த்தார்.

அடுத்த நிமிடம் தண்ணீர் அண்டாவுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். கை கொப்பளித்து, நாக்குக் குழறி, என்னென்னவோ உளறினார். ஓடி வந்த சனம் முனியாண்டி இறங்கிவிட்டார் என்று வேப்பிலையால் அடித்துக் குறி கேட்டது. நாக்குச் சரியானதும் அவரும் சாமிதான் என்று ஒத்துக்கொண்டார். புளியால் விழுந்தேன் என்று சொல்ல ஒரு பெரிய கங்காணியால் முடியுமா. இப்போது அந்தச் சுவிட்சைத் தொட அந்த வீட்டில் எவருக்கும் துணிவில்லை, பல்பு பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருக்கிறது. சாமி கோபப்பட்டதற்கு உன் அம்மா எதிர்த்துப் பேசியதுதான் காரணம் என்று முடிவாகி, அவளைச் சறுக்கலான மேட்டு மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பிவிட்டார்கள். போகட்டும். காலையில் அவள் கூடையோடு, பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நடந்து போவதைக் கண்ணால் பார்க்கிறேன், எனக்கு அது போதும்.

ஆகவே மகளே, வீடு முழுக்கக் கரண்டை நிறுத்தும் மெயினை அணைக்காமல் எந்தச் சுவிட்சையும் துடைக்காதே. அணைத்த பிறகும் தண்ணீர் வேண்டாம், காய்ந்த கை, காய்ந்த துணி. இடுக்கில் இருக்கும் அழுக்கை ஊசி, கத்தி விட்டு நோண்டாதே, காய்ந்த பழைய பிரஷ் போதும். கூரை விசிறிக்கு மேசைமேல் நாற்காலி வைத்து ஏறாதே, ஏணி கேள். மெயினை அணைத்தால் ரேடியோ நின்றுவிடும் என்பாள் உன் நோனா. ரேடியோ மறுபடியும் பாடும் என்று சொல். முடியாது என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறி வா, ஸ்டேஷனில் நான் நிற்பேன். உன் அம்மா எழுதச் சொல்வது இது: கங்காணிக்கு அடிச்சா சாமின்னு சொல்லுவாங்க, நமக்கு அடிச்சா விதின்னு சொல்லிப் பொதைச்சிருவாங்க, பாத்து இருந்துக்க.

மாரியம்மன் உன் கூடவே இருக்கட்டும். நோனாவிடம் மெயினை அணைக்கச் சொன்னாயா என்பதைத் தாமதிக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் பத்து விரலையும் எண்ணிப் பார்க்கக் காத்திருக்கும் அப்பா,
மூக்கன்