குழாய் ரிப்பேருக்கு வந்தவர்

என் சின்னவளுக்கு,

ஆண்டவன் உன் கூடவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் உன் அண்ணன் காதில் விழும்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உன் போட்டோ ரொம்பப் பிடித்துவிட்டது. உன் அப்பா வழக்கம்போல வாயைத் திறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணனை உள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தேன். அவன் சும்மா இருக்காமல் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியிருக்கிறான். சட்டையெல்லாம் ஈரமாக, கையில் ஸ்பேனரோடு முன்னறையில் வந்து நின்றான். "இது யாருங்க?" என்றார் அந்தம்மா. "குழாய் ரிப்பேருக்கு வந்தவர்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, கண்ணு. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "முடிஞ்சுதுங்கம்மா, இனிமே ஒழுகாது" என்று சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் வாசல் வழியாகப் போனான். அவர்கள் கார் கிளம்பும் வரை எதிரே பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நின்றான். "மரியாதையான பையன். எங்க வீட்டுக் குழாயும் ஒழுகுது, நம்பர் குடுங்களேன்" என்றார் அந்தம்மா.

திரும்பி வந்தவன் சிரித்தபடி, "கல்யாணக் கணக்குல என் கூலியையும் எழுதிக்கோம்மா" என்றான். நானும் கூடச் சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதேன்.

அவனுக்கு இந்த மனச்சிதைவு நோய் வர நான் என்ன தப்பு செய்தேன் என்று போன முறை டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன். "உங்க தப்பு இல்லம்மா. இதுதான் காரணம்னு ஒண்ணைக் காட்ட முடியாது" என்றார். ஆனால் வேலைக்குப் போன அந்தப் பெரிய ஊரில் அவன் எப்படி இருந்தான் என்று துருவித் துருவிக் கேட்டார். தெரியாத பாஷை, அவன் பேச்சைக் கேட்டு நக்கலடிக்கும் ஆட்கள், பேசத் துணையில்லாத அறை. ஏற்கெனவே இந்த நோய்க்கான வாகு உள்ளவர்களை இதெல்லாமும் சேர்ந்து சாய்த்துவிடுமாம். "மாத்திரை என் பொறுப்பு. மனுஷங்க நடுவுல வச்சிருக்கறது உங்க பொறுப்பு" என்றார். தலையாட்டிவிட்டு வந்து, தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினேன். யாரும் அவனைப் பார்த்துவிடக் கூடாதாம்! அங்கே இருந்த அதே அறையை இங்கேயும் நானே செய்து கொடுத்திருக்கிறேன்.

'அவனைக் கைவிட்டுவிடாதே' என்று ஆண்டவனிடம் தினமும் கேட்பேன். இப்போது அந்த வரி வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

நம்பர் கேட்டு அந்தம்மா மறுபடியும் போன் செய்தார். நான் எடுக்கவில்லை. பொய்யை உன்னைக் கேட்காமல் சொன்னேன், உண்மையையாவது கேட்டுவிட்டுச் சொல்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது. இந்தச் சம்பந்தம் கைநழுவிப் போகலாம். போனால் உன் கோபம் என்மேல் இருக்கட்டும், அவன்மேல் வேண்டாம்.

நீயும் வெளியூரில் தனியாக இருக்கிறாய். சாப்பாட்டை அறைக்கு எடுத்துப் போகாதே, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடு.

அடுத்த முறை கூப்பிடும்போது போனை முதலில் அவனிடம் கொடுக்கச் சொல். ஸ்பீக்கரில் போடுகிறேன். "அண்ணா" என்று சத்தமாகவே கூப்பிடு, கண்ணு. ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா