பத்தொன்பது நாள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். முழங்கையில் பட்ட சூடு ஆறிவிட்டது. மருந்து போட்டீர்களா என்று கேட்க இன்னொரு தடவை போன் செய்ய வேண்டாம். ரொட்டி ஆலையில் என்னை இரண்டாம் அடுப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். தட்டு கொஞ்சம் கனம், அனல் கொஞ்சம் குறைவு.

போனில் சொன்னால் நடுவில் பேசிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அன்று பாப்பா என்னிடம் இருபது நிமிடம் பேசினாள். அதில் பதினான்கு தடவை 'மாமா' வந்தது. மாமாதான் பணம் கட்டினாராம், மாமாதான் விடுதி அறையில் ஃபேன் ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தாராம், மாமா இல்லையென்றால் அழுதிருப்பாளாம். நான் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். உன் தம்பியின் டயர் கடை நன்றாக ஓடட்டும், எனக்கென்ன. ஆனால் நீ அனுப்பிய படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லூரி வாசலில் ஒரு கையில் பெட்டி, இன்னொரு கை அவள் தோளில். பெற்றவன் மாதிரியே சிரிக்கிறான். இஸ்திரி போட்ட சட்டை வேறு.

பக்கத்து வீட்டு நாயின் காலுக்கு அவள் கட்டுப் போட்ட வருடம் பணம் சேர்க்க ஆரம்பித்தேன். பதினோரு வருடம் ஆகிறது. ஒரே அறையில் ஆறு பேர் படுத்து, சொத்தைப் பல்லைப் பிடுங்கக்கூட செலவழிக்காமல் இடது பக்கமே மென்று சேர்த்த பணம். பேங்கில் போட்ட டெபாசிட் முடிய இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது. கல்லூரிக்காரர்கள் அதற்குள் கேட்டுவிட்டார்கள். நீ உன் தம்பியிடம் கேட்டாய், அவனும் ஒரே காலையில் கட்டி முடித்துவிட்டான்.

நீ கேட்டது தப்பில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் அவனிடமே கேள் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் சொல்லியிருக்கலாம்.

படத்தைப் பார்த்த மறுநாளே பேங்குக்குப் போய் டெபாசிட்டை உடைத்தேன். முடியும்வரை பொறுத்தால் முழு வட்டியும் வரும், இன்றைக்கே எடுத்தால் பாதிகூட வராது என்று கவுண்டரில் இருந்த பெண் இரண்டு தடவை சொன்னாள். எனக்குக் காது அடைத்திருந்தது. கட்டணத் தொகையை அன்றே உன் தம்பியின் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். கைவிட்டுப் போன வட்டி, பாப்பாவின் இரண்டு மாத விடுதிச் சாப்பாட்டுக்கு ஆகும். இதை உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. திட்டுவதென்றால் திட்டு.

நேற்று அவனே போன் செய்தான். கோபப்படுவான் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவனோ, மச்சான், அன்றைக்குக் கல்லூரி வாட்ச்மேன் என்னிடம் 'நீங்கள் அப்பாவா' என்று கேட்டார், நான் இல்லையென்று சொல்லவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றான். அதற்குப் பிறகு கடையில் காற்றடிக்கும் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஆகியும் அவனுக்குக் குழந்தை இல்லை. எனக்குத் தெரியாததா? 'பரவாயில்லையப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாட்ச்மேன் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

எனக்குக் கோபமில்லை என்று நீயே அவனிடம் சொல்லிவிடு. கொஞ்சம் பொய்தான், இருந்தாலும் சொல். அடுத்த வருடக் கட்டணத்தைப் பற்றி மட்டும் அவன் வாயைத் திறக்க வேண்டாம்.

முதல் பருவத் தேர்வு முடிந்ததும் பாப்பாவுக்குப் பத்து நாள் லீவாம். நான் சூப்பர்வைசரிடம் கெஞ்சி நான்கு நாள் வாங்கியிருக்கிறேன். அவளை அழைத்து வர நீயும் போகாதே, யாரையும் அனுப்பாதே. நான் நேராக அங்கேதான் போகிறேன். என் ரயில் எவ்வளவு தாமதமானாலும் அவளைக் காத்திருக்கச் சொல். அவள் படிப்பு நல்லபடியாக முடியட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா