மேல அலையே இல்ல

என்னங்க, குழம்பு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்கங்க. நேர்ல சொன்னா அழுதுடுவேன், அதான் எழுதுறேன்.

நேத்து கடல் நல்லா இருந்துச்சுன்னு சொன்னது பொய். மேல அலையே இல்ல. அடியில நீரோட்டம் திடீர்னு திரும்பி, ஸ்கூபா டைவிங்குக்கு நான் கூட்டிட்டு இறங்கின, டூர் வந்த டீச்சரம்மாவை இழுத்துட்டுப் போயிடுச்சு. மூணு நிமிஷம் ஆளையே காணல. தூரத்துல காத்துக் குமிழி ஏறுறதைப் பார்த்துத்தான் போய்ப் புடிச்சேன்.

அந்தப் பயத்துலதான் உங்ககிட்ட, "என் வேலையில தலையிடாதீங்க"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

இன்னைக்குக் காத்தும் மாறிடுச்சு. ஆறு பேர் வர்றாங்க. முதலாளிகிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

சாவி ஷூவுக்குள்ள.

படகு ஒன்பது மணிக்குக் கிளம்பிடும். அதுக்குள்ள முதலாளிக்கு போன் போட்டு, இன்னைக்கு யாரையும் இறக்க வேணாம்னு சொல்லுங்க. தலையிடுங்க.