மேட்டர் வந்தது, திருத்தம் வரவில்லை

நெய்யூர்
3-6-2024

அன்புள்ள மீரா முகைதீனுக்கு,

ரசலையன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம்; என் தொப்பை விசேஷ சுகம். மண்ணடியில் மகன் வீட்டு மீன்குழம்புக்குக் கொளச்சல் ருசி வருகிறதா?

நாம் வேலை பார்த்த நாகர்கோவில் நாளிதழின் பழைய ஆட்கள் சேர்ந்து நினைவு மலர் ஒன்று வெளியிடுகிறார்கள். ‘மேட்டர்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து நாம் பத்திரிகை நடத்திய கதையை எழுதி, இத்துடன் வைத்திருக்கிறேன். நிருபருக்குச் செய்தி மேட்டர். அச்சுக்கோக்கும் ஜெயசிங்குக்கு ஈய எழுத்து மேட்டர். கைதவறிக் கொட்டினால் “மேட்டர் போச்சே” என்று அழுவார். பக்கம் நிறையாவிட்டால் ஆசிரியருக்கு “மேட்டர் காணாது”. விளம்பர மானேஜருக்கோ, விளம்பரம் இல்லாத குப்பையெல்லாம் மேட்டர். டீக்கடையில் நம் இருவருக்கு மட்டும் அடுத்தவன் வீட்டு ரகசியம்தான் மேட்டர்.

பிழை திருத்தும் புரூப் அறையில் நான் கமா, புள்ளி உட்பட உரக்க வாசிப்பேன். நீர் சிவப்பு மையால் மானத்தை வாங்குவீர். அந்தப் பழக்கத்தில்தானே இன்றுவரை என் கடிதங்களையும் திருத்தித் திருப்பி அனுப்புகிறீர்? இதையும் அனுப்பும். உம் சிவப்பு படாமல் மலருக்குத் தரமாட்டேன்.

உம்முடைய நிரந்தரப் பிழை,
ரசலையன்

*

மண்ணடி, சென்னை
14-6-2024

அன்புள்ள ரசலையனுக்கு,

மேட்டர் கிடைத்தது. நன்றாக இருக்கிறது. திருத்த ஒன்றுமில்லை, அப்படியே கொடுத்துவிடும். ஜாஸ்பினை விசாரித்ததாகச் சொல்லும்.

மீரா முகைதீன்

*

நெய்யூர்
20-6-2024

ஓய் மீரா முகைதீன்,

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உம்மைச் சோதிக்கத்தான் அந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை இரண்டு தடவை எழுதி வைத்தேன். மரண அறிவிப்பில் ஒரு வரி இரட்டித்ததற்காக, ஓடுகிற மெஷினை நிறுத்தி, “ஏலே, ஒரு மனுசன் ரெண்டு தடவ சாவானாலே?” என்று கத்தினவர் நீர். இப்போது திருத்த ஒன்றுமில்லையாம்! கையெழுத்தும் கோழி கிளறியது போலில்லாமல் அழகாக இருக்கிறது. அது இன்னும் பயமாக இருக்கிறது.

உம் மகன் ஷாஹுல் கல்யாணப் பிரியாணியில் உப்பில்லை என்று என் வாரப்பத்தியில் எழுதினேனே, அந்தக் கோபமா? போனையும் எடுக்கிறீரில்லை. என் வீட்டுக்காரி ஜாஸ்பின் சொல்கிறாள்: “அவருக்கு ஒங்கள மடுத்துப் போச்சு. இத்தன வருசம் சகிச்சதே பெருசு.”

அப்படியானால் ஒரு வரி எழுதும். நிறுத்திக்கொள்கிறேன். நிறுத்தமாட்டேன். ஆனாலும் எழுதும்.

குழப்பத்துடன்,
ரசலையன்

*

மண்ணடி
1-7-2024

அன்புள்ள ரசலையனுக்கு,

பிரியாணியில் உப்பில்லாதது உண்மை. மணப்பெண்ணே ஒப்புக்கொள்கிறாள், இதை எழுதுவதும் அவள்தான், என் மருமகள் தஸ்ரின்.

சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது, ஓய். எழுத்தெல்லாம் மழையில் நனைந்த புரூப் மாதிரி கலங்கிக் கிடக்கிறது. தஸ்ரின் வாசிக்கிறாள், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். அந்த இரட்டைப் பத்தியை நீர் மறதியில் எழுதினதாக நினைத்து, உம் மானத்தைக் காக்க ஒருதடவைதான் வாசித்தாளாம். நல்ல பிள்ளை. ஆனால் கமாவும் புள்ளியும் இல்லாமல் ஒரே மூச்சாகப் போகிறாள். உம் தமாஷ் எங்கே முடிகிறதென்று தெரியாமல் கண்ட இடத்தில் சிரிக்கிறேன்.

சிவப்புப் பேனாவை ஷாஹுல் கடைக்குக் கொடுத்தாயிற்று. பிழை பிடிக்கத் தெரியாத மீரா முகைதீனுக்கு நீர் எதற்கு எழுதவேண்டும்? அதை உம்மிடம் எப்படிச் சொல்வதென்றுதான் போனை எடுக்கவில்லை, குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டுரையைக் கொடுத்துவிடும்.

மீரா முகைதீன்

*

நெய்யூர்
6-7-2024

தஸ்ரின், என் மக்களே,

ஷாஹுலிடமிருந்து மாமாவின் சிவப்புப் பேனாவை வாங்கி உன் கையில் வைத்துக்கொள். கீழே இருப்பதை, இருக்கிறபடியே, ஒரு சொல் விடாமல் உரக்க வாசி. என் மானத்தைக் காக்காதே. மாமா நிறுத்தச் சொன்னால் அங்கே கோடு போடு.

அன்புள்ள மீரா முகைதீனுக்கு கமா ஒன்றும் விளங்காமல் உம்மேல் கோபப்பட்டேன் புள்ளி மேட்டர் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது கமா உம் சிவப்பு படாமல் போகாது புள்ளி இதற்குச் சிரிக்கவேண்டாம் புள்ளி நேற்று நானே மீன் புளிமுளம் வைத்தேன் கமா பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை புள்ளி இங்கே சிரியும் புள்ளி கொளச்சல் மீன்சந்தையில் எல்லாரும் உம்மை விசாரித்தார்கள் புள்ளி கொளச்சல் மீன்சந்தையில் எல்லாரும் உம்மை விசாரித்தார்கள் புள்ளி

ரசலையன்