ஒன்பதாம் எண் காலியாகவே இருக்கட்டும்

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் அண்ணன் வீட்டில் நலமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நீயே உன் வாயால் சொல்லும்வரை எங்களுக்கு நிம்மதி கிடையாது. என்ன இது, போன் இருக்கும்போது கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது கேட்பாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். காகிதம் குறுக்கே பேசாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் ஒரு இடத்தில் உட்கார்ந்து முழுதாகப் படி, வண்டியில் போகும்போது படிக்காதே.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணிக்கு ஆபீஸில் பதவி உயர்வு வந்திருக்கிறது, கூடவே வேலையும் வந்திருக்கிறது, காதில் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள், பாவம், தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து வருவதில்லை. பெரியவனுக்கு, உன் அண்ணனுக்குத்தான், முடி கொட்டிக்கொண்டே போகிறது, கேட்டால் அப்பாவின் சொத்து என்று என்னைக் காட்டுகிறான். அம்மாவைக் கண் டாக்டரிடம் மறுபடி காட்டினோம். இருக்கிற வெளிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான், போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் அவளுக்குத் தெரிகிறது, என் முகம் தெரியவில்லை. முகம் தெரியாதது ஒருவிதத்தில் நல்லது, இந்த வயதில் அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவளே என்னைக் கேலி செய்தாள். நான் சிரித்தேன், பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கிக் கொடுத்த லேப்டாப்பும், அதில் செருகினால் டிவி சேனல் பிடிக்கிற அந்தக் கட்டைவிரல் நீளக் கருவியும், குட்டி ஆன்டெனாவும் அம்மாவுக்கு எவ்வளவு பெரிய துணை என்று உனக்கே தெரியும். டிவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, இதைப் பையில் போட்டுக்கொண்டு இங்கேயும் அங்கேயும் போகலாம் என்றுதான் நீ வாங்கினாய். நம் வீட்டில் அவளுக்கு எல்லா சேனலும் விரல் நுனியில் இருந்தது. அந்தக் கருவியோடு வந்த ரிமோட்டில் ஐந்தாம் எண்ணின் மேல் ஒரு சின்ன மேடு உண்டு, அதைத் தடவிப் பார்த்து மற்ற எண்களைக் கண்டுபிடித்துவிடுவாள். ஒன்று செய்தி, இரண்டு பழைய பாட்டு, ஐந்தில் அந்த ஓயாத மாமியார் மருமகள் தொடர், ஏழில் டாக்டரிடம் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி, ஒன்பது நம் பேட்டைக்கு மட்டும் வரும் சின்ன சேனல். அதில் எந்தத் தெருவில் தண்ணீர் வராது, யார் காலமானார், யார் வீட்டுப் பூனை தொலைந்தது என்று ஒருவர் மூக்கால் படிப்பாரே, அம்மா ஜலதோஷக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறாளே, அவருடைய சேனல்.

அண்ணன் வீடு நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது, இங்கே வேறு கோபுரத்திலிருந்து சிக்னல் வருகிறது. அதனால் வந்தவுடன் சாஃப்ட்வேரில் சேனல்களைப் புதிதாகத் தேடவிட வேண்டும். தேடும்போது பழைய பட்டியலை நீக்கிவிடவா, அதோடு சேர்க்கவா என்று அது கேட்கும். நான் முதலில் நீக்கு என்று சொல்லிவந்தேன், ஒவ்வொரு தடவையும் எண்கள் எல்லாம் தலைகீழாக மாறி அம்மா முதலிலிருந்து பழகினாள். இந்தத் தடவை புத்திசாலித்தனமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு சேர் என்று சொன்னேன். அது என்ன செய்தது தெரியுமா, நம் வீட்டுச் சேனல்களை அப்படியே முன்னால் வைத்துக்கொண்டு இங்கே கிடைத்ததையெல்லாம் கடைசியில், முப்பதுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்த்தது. முன்னால் இருக்கிற எதற்கும் இங்கே சிக்னல் கிடையாது. நான் அதைச் சரிபார்க்காமல் மருந்துக்கடைக்கும் பாங்குக்கும் கிளம்பிவிட்டேன்.

அம்மா ஒன்றை அழுத்தினாள், சத்தம் இல்லை. இரண்டு, ஐந்து, ஏழு, எதிலும் சத்தம் இல்லை. அண்ணியைக் கூப்பிட்டிருக்கலாம், பக்கத்து அறையில்தான் இருந்தாள். கூப்பிடவில்லை. அண்ணி வேலைக்கு நடுவில் டீ கொண்டுவந்து பார்த்தபோது அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, கறுப்பாகக் கிடந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். என்ன அத்தை பாக்கறீங்க என்று கேட்டதற்கு, நியூஸ் பாக்கறேம்மா, நீ போய் உன் வேலையப் பாரு என்று சொன்னாளாம். அண்ணி டீயை வைத்துவிட்டு சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு எனக்குப் போன் செய்தாள். மாமா உடனே வாங்க என்றாள், நான் என்னவோ ஏதோ என்று பதறி ஓடிவந்தேன். பிறகு தனியாக அம்மாவிடம் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். அவளோட மேனேஜர் லைன்ல இருந்தாரு, நான் போய் டிவி வரலன்னு நின்னா நல்லாவா இருக்கும், நான்தான் எதையோ அழுத்திக் கெடுத்துட்டேன்னு நெனச்சேன் என்றாள். யாரும் கண்டுபிடிக்காமல் இருக்க, பார்ப்பது போலவே உட்கார்ந்திருந்தாளாம்.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் போனேன். அவள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஐயா, ரெண்டு எடத்துக்கும் ரெண்டு லிஸ்ட் தனித்தனியா வெச்சுக்கலாமே, எங்க போறீங்களோ அந்த எடத்த மட்டும் தேர்ந்தெடுத்தா போதும் என்று காட்டிக் கொடுத்தாள். அப்படி ஒரு வசதி அதில் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. இடத்துக்குப் பெயர் வை என்று கேட்டது, ஒன்றுக்கு வீடு என்றும் மற்றதற்குப் பெரியவன் வீடு என்றும் வைத்தேன். இந்த இடத்துப் பட்டியலை எடுத்து, நம் வீட்டில் எந்த எண்ணில் எது இருந்ததோ அதே எண்ணில் இங்கேயும் வரும்படி ஒவ்வொன்றாக நகர்த்தினேன். பக்கத்தில் அம்மா உட்கார்ந்து அஞ்சுல என்ன, ஏழுல என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஃபாக்டரி ஸ்டோர்ஸில் நட்டையும் போல்ட்டையும் அடுக்கிய கை இன்னும் மறக்கவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

ஒன்பதில் வந்து நின்றுவிட்டேன். ஜலதோஷக்காரரின் சேனல் இங்கே வராது, அது நம் பேட்டையைத் தாண்டாது. காலியாக விட்டால் மறுபடி சத்தமில்லாமல் போய் அவள் பயப்படுவாளே என்று, அந்த இடத்தில் நல்லதாக ஒரு பாட்டு சேனலைப் போட்டுவிடுகிறேன் என்றேன். வேணாங்க, இல்லாதத இல்லன்னே வைங்க, அங்க வேற யாரையாவது உட்கார வெச்சா நான் ஏமாந்து போவேன் என்றாள். சரி என்று காலியாக விட்டேன். நான் அதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு கவனித்தேன். தினமும் செய்தி கேட்பாள், பாட்டு கேட்பாள், பிறகு ஒன்பதை அழுத்துவாள். அங்கே ஒன்றும் இல்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் அழுத்திவிட்டுத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருப்பாள், பிறகு பத்துக்குப் போவாள். நாள் தவறாமல் இதைச் செய்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, ஒருநாள் ரிமோட்டை வாங்கி வைத்துவிட்டு நேராகவே கேட்டேன், உனக்கு என்னதான் வேணும், மறைக்காம சொல்லு என்று. அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். எனக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேன் இல்ல, அது பொய். அங்க எனக்குக் கண்ணு மட்டும்தான் தெரியல. இங்க எனக்கு ஒண்ணுமே தெரியல.

உனக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும். நீயும் அண்ணனும் மாதக்கணக்காகப் பேசி, நாங்கள் இனி இங்கேயே இருப்பது, நம் வீட்டை வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்தீர்கள். எங்கள் நல்லதுக்குத்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குடிவர இருக்கும் அந்த ஸ்கூல் டீச்சரும் அடுத்த மாதம் சாமான்களோடு வரத் தயாராக இருக்கிறார். நாங்கள் நம் வீட்டுக்கே திரும்பிப் போகிறோம் என்று நேற்று பெரியவனிடம் சொன்னேன். முதலில் சத்தம் போட்டான், கண்ணு தெரியாத அம்மாவத் தனியா விட்டுட்டான்னு நாலு பேர் என்னத்தானப்பா கேப்பாங்க என்றான். நான் இருக்கும்போது தனி எப்படியடா ஆகும், நான் என்ன மரக்கட்டையா என்று நானும் குரலை உயர்த்திவிட்டேன். பிறகு அவன் அம்மாவின் அறை வாசலில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தான். குரல் இறங்கிவிட்டது. பாப்பா சரின்னா எனக்கும் சரி, அவ ஒத்துக்கலன்னா நான் மட்டும் எப்படி முடிவெடுக்கறது என்றான். அவன் மேல் குறை சொல்லாதே, அவனும் அண்ணியும் எங்களைத் தாங்கித்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே இப்போது எல்லாம் உன் ஒரு வார்த்தையில் வந்து நிற்கிறது.

நான் யோசிக்காமல் பேசவில்லை. எதிர்வீட்டு டைலரிடம் ஒரு சாவி இருக்கும், அவர் மனைவி பகலில் ஒருமுறை எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். காலையில் வேலைக்கு ஒரு அம்மாள் வருவார், அடுப்புப் பக்கம் நான் இருப்பேன், சமையல் எனக்கு வராது என்று சிரிக்காதே, சாதம் குழைந்தாலும் சாதம்தான். பெரியவன் வாரம் ஒருமுறை வருவான், நாங்களும் அவ்வப்போது இங்கே வந்து தங்குவோம், வந்தால் அவளுக்கு எண்கள் மாறாது. எனக்கும் வயதாகிறது, ஒருநாள் என்னாலும் முடியாமல் போகும், அது எனக்குத் தெரியாததல்ல. அந்த நாள் வந்தால் நானே போன் செய்து முடியவில்லை என்று சொல்வேன், இது என் வாக்கு. அதுவரை அவளை அவள் சுவர்களைத் தொட்டு நடக்கவிடு.

எழுதியதை இப்போது அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணி அழுததை எடுத்துவிடச் சொன்னாள், நான் எடுக்கவில்லை. பிறகு பேனாவைக் கேட்டாள். கையைப் பிடித்துக் காகிதத்தில் வைத்தேன், விடுங்க எனக்கு எழுதத் தெரியும் என்று கையைத் தட்டிவிட்டாள். அவள் எழுதியது என் வரிகளின் மேலேயே கோணலாக ஏறிப் போயிருக்கிறது, உனக்குப் புரியாமல் போகக்கூடாது என்று கடைசியில் நான் தெளிவாகத் திருப்பி எழுதியிருக்கிறேன். நீ ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியதாக மாப்பிள்ளை சொன்னார், அந்த விளையாட்டெல்லாம் வேண்டாம், இன்றே மறுபடி ஆரம்பி. பிள்ளைகளைத் தமிழில் பேசவிடு, தப்பாகப் பேசினாலும் சரி, பாட்டிக்கு இனி அவர்கள் குரல்தான் அவர்கள் முகம். நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் எனக்கல்ல, அம்மாவுக்கே போன் செய்து பேசு, மறந்துவிடாதே.

உன் நலமே நினைக்கும்
அப்பா

அம்மா எழுதியது: பாப்பா, நான் யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்ல. என்னை வீட்டுக்கு அனுப்பும்மா.