வாணலியில் வறுத்த மண்

அன்பு மகளுக்கு,

இங்கே நான், உன் அம்மா, பூச்சிமருந்துக் கடை மூவரும் சுகம். உன் மாமாவின் வாய் எப்போதும்போல ரொம்பவே சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். மாமாவின் வெங்காயம் இந்த முறையும் வேர்ப்புழுவுக்குப் போனதல்லவா, அதற்கு அவர் கண்டுபிடித்த காரணம் நான். கடை நிறைய ஆள் இருக்கும்போது வந்து, "தங்கச்சி வீட்டுக்காரன்னு நம்பி வாங்கினேன், குருணை மருந்துல மண்ணக் கலந்து குடுத்துட்டான்" என்றார். அதோடு ஒரு மாதம் அம்மா போன் செய்தாலும் எடுக்கவில்லை. கம்பெனி விற்பனை அதிகாரி வந்தான், கழுத்தில் டை, தலைக்குள் காற்று. "டபுளாப் போடச் சொல்லுங்க சார்" என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சில்லை.

மண் ஆராய்ச்சிக்காரி நீ சொன்னபடியே மூன்று தொட்டி வைத்தேன். ஒன்றில் மாமா வயல் மண், ஒன்றில் மருந்தே படாத சாலையோர மண், மூன்றாவதில் அதே வயல் மண்ணை அம்மாவின் வாணலியில் ஒரு மணி நேரம் வறுத்துக் கொட்டினேன். வாணலி இன்னும் வீட்டுக்கு வெளியேதான் கிடக்கிறது, நானும் ஏறக்குறைய அங்கேதான். மூன்றுக்கும் ஒரே பையிலிருந்து மருந்து. இருபதாம் நாள் புழுவை விட்டேன். சாலையோர மண்ணிலும் வறுத்த மண்ணிலும் செத்தன, வயல் மண்ணில் கொழுத்துத் திரிகின்றன. ஒன்பது வருடம் ஒரே மருந்தைக் கொட்டி, அதைத் தின்றே பிழைக்கும் நுண்ணுயிர்களை மனிதர் வளர்த்து வைத்திருக்கிறார். புழு சாகுமுன் இவை மருந்தை முடித்துவிடுகின்றன, வாணலியில் வறுபட்டவை மட்டும்தான் செத்தன. ரெட்டிப்பாகப் போட்டால் இன்னொரு பந்தி, அவ்வளவுதான். வளர்த்தவர் அவர், தீனி விற்ற அறிவாளி நான்.

தொட்டிகளைக் காட்ட அம்மா மாமாவைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள். குனிந்து பார்த்தார், மன்னிப்பு என்பது அந்தப் பரம்பரையில் கிடையாது. "அப்போ என் வயல மொத்தமா வறுக்கச் சொல்றியா மாப்ள?" என்றார். அம்மா கொடுத்த டீயைக் குடித்தார், அவள் அழுதாள், சண்டை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த மருந்தை இனி விற்கமாட்டேன், அந்த நுண்ணுயிர்கள் பட்டினியில் சாக இரண்டு வருடம் அங்கே மக்காச்சோளம் போடுங்கள் என்றேன், தலையாட்டினார். நேற்று எதிர்க்கடையிலிருந்து அதே மருந்து, ரெட்டிப்பு மூட்டை, அவர் வண்டியில் ஏறியதை என் கண்ணால் பார்த்தேன்.

போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் பத்தாம் தேதி நடவு. இந்த முறையும் போனால் வயலை விற்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. நீ படித்ததைப் பார்க்கிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்பவர், உன் பேச்சைக் கேட்பார். அதற்குள் கூப்பிட்டுப் பேசு. நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே, வீம்புக்கே கொட்டிவிடுவார். விழட்டும், சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன். சிரிப்பு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாக இரு. பத்தாம் தேதி, மறக்காதே.

உன் அப்பா